நிலாவரை நீருக்கு ஒரு கணினி



நூற்றாண்டு நிதியிலிருந்து நல்ல கணினி ஒன்று வாங்கி, புத்தூரின் நிலத்தடி நீரை ஆராய முன்வரும் மாணவிகளின் பாவனைக்குக் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. என்ன கணினி, எவ்வளவு பணத்துக்குள் என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் நால்வரிடம் தரப்பட்டது. எங்களில் ஒருவர் குடிசார் பொறியியலாளர். ஒருவர் வெளிநாட்டில் கணினித் துறையில் வேலை செய்கிறவர். ஒருவர் பௌதிகவியல் ஆசிரியை. மற்றவர் கணக்காளர், இன்றும் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிறவர். நால்வரும் கூடிப் பேசி எடுத்த முடிவைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

கணினிக் கடைக்குப் போவதற்கு முன் எங்கள் ஊர்க் கிணற்றடிக்குப் போக வேண்டும். என்ன கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தெரியாமல் வாங்கும் கணினி, அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுந்தான் ஓடும். நாம் குடிப்பதும், வெங்காயத்துக்கும் வாழைக்கும் இறைப்பதும், ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கிய நீரைத்தான். அந்த நன்னீர், கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து கிடக்கிறது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு இதை நேரே காட்டுகிறது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அங்கே போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று அம்மம்மாமார் சொன்ன கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தேசிக்காயின் கதை எப்படியோ, சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் குகைவழிகளும் உண்டு என்பது உண்மை. 1859 இல் எமர்சன் ரெனன்ற் எழுதிய இலங்கை பற்றிய நூலிலும் புத்தூர்க் கிணறு இடம் பெற்றிருக்கிறது.

நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம். கடல்நீருடையது ஏறக்குறைய 1025. இந்தச் சிறிய வித்தியாசத்திலிருந்து ஒரு பெரிய கணக்கு வருகிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே அது 40 மீற்றர் வரை இறங்கி நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடன் கைபனும் 1901 இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது. அதை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். நாம் இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஒரு சாண் நிரந்தரமாகக் குறைத்தால், கீழேயிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் ஏறக்குறைய 9 மீற்றர் மேலே வர இடமுண்டு. ஒரு சாணுக்கு 9 மீற்றர்! இதுதான் எங்கள் ஊரின் கேள்வி. எந்த இடத்தில், எவ்வளவு இறைத்தால், எத்தனை ஆண்டில் கிணறு உவராகும்? தோட்டத்துப் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று எந்தப் பக்கம் போகும்? குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் தீர்ப்பானது. அங்கும் சனங்கள் முதலில் கேட்டது, இது எங்கள் கிணற்றுக்கும் வருமா என்பதைத்தான். நிலத்துக்குள் ஓடும் நீரைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் கணினியில் ஒரு மாதிரி செய்து பார்க்கிறோம்.

அந்த மாதிரி என்ன செய்கிறது? நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டம் என்ன, அயல் கட்டத்துக்கு எவ்வளவு நீர் போகிறது என்று கணக்கிடுகிறது. ஒரு எளிய பரிசோதனையைப் பாடசாலை எக்செல் தாளிலேயே செய்யலாம். ஓரக் கட்டங்களில் கடல் மட்டத்தையும் தெரிந்த நீர்மட்டங்களையும் எழுதுங்கள். உள்ளே உள்ள ஒவ்வொரு கட்டத்திலும், நான்கு அயல் கட்டங்களின் சராசரி என்ற சூத்திரத்தைப் போடுங்கள். சுழற்சிக் கணக்கை அனுமதித்து விட்டால், இலக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறி ஓரிடத்தில் நிற்கும். சீரான நிலத்தில், மழையும் இறைப்பும் இல்லாதபோது, நிலத்தடி நீர்மட்டம் இப்படித்தான் அமையும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒரு பிற்பகலில் செய்து முடிப்பார்கள்.

இந்தச் சின்னப் பரிசோதனையிலேயே கணினி வாங்கும் இரகசியமும் இருக்கிறது. ஒரு கட்டத்துக்குச் செய்த வேலை என்ன? நாலு எண்களை எடுத்தோம், கூட்டினோம், நாலால் வகுத்தோம், திருப்பி வைத்தோம். கணக்குக் கொஞ்சம், எண்களை எடுத்து வருவதும் கொண்டுபோய் வைப்பதுந்தான் அதிகம். பாய்மங்களின் இயக்கத்தைக் கணிக்கும் பெரிய மென்பொருட்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். ஆகவே வேகத்தைத் தீர்மானிப்பது செயலி எவ்வளவு கெட்டிக்காரன் என்பது மட்டுமல்ல. நினைவகத்திலிருந்து அதற்கு எவ்வளவு வேகமாக எண்கள் வந்து சேர்கின்றன என்பதுந்தான்.

தோட்டத்தில் தண்ணீர் மாறியவர்களுக்கு இது உடனே விளங்கும். பாத்தியில் பத்துப் பேர் மண்வெட்டியோடு நிற்கலாம். வாய்க்காலில் வருகிற தண்ணீர் இரண்டு பேருக்குத்தான் போதும் என்றால், மற்ற எட்டுப் பேரும் வரம்பில் குந்தியிருந்து கதைக்க வேண்டியதுதான். செயலியின் கோர்கள் அந்தப் பத்துப் பேர். நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான தடங்கள் அந்த வாய்க்கால்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது ஆட்களின் எண்ணிக்கையை. வாய்க்கால் எத்தனை என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

கேட்டுப் பார்த்த கணக்கு இது. சாதாரண மேசைக்கணினிகளில் இரண்டு தடங்கள். டிடிஆர்4 3200 வகை நினைவகத்தில் ஒரு தடம் செக்கனுக்கு 25.6 ஜிகாபைற் தரும். இரண்டும் சேர்ந்து 51.2. டிடிஆர்5 5600 என்றால் இரண்டு தடத்தில் 89.6. 2016 இல் வெளிவந்த இன்ரெல் சியோன் ஈ5 நாலாம் பதிப்புச் செயலிகளில் தடங்கள் நான்கு. 2400 வகை நினைவகத்துடன் 76.8. அதே செயலி இரண்டு பூட்டிய பழைய சேவையகப் பெட்டியில் மொத்தம் 153.6. 2019 இல் வந்த ஏஎம்டி எபிக் 7002 வரிசையில் தடங்கள் எட்டு. ஒரு செயலிக்கே 204.8. இவை ஏட்டளவு உச்சங்கள். நடைமுறையில் இதிலும் குறையும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் உதவும். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்து விடுகிற பழைய சேவையகங்களைப் பாய்ம ஆய்வு மாணவர்கள் ஏன் தேடி வாங்குகிறார்கள் என்பதற்கும் இதுவே காரணம்.

இதிலிருந்து செலவில்லாத ஒரு புத்தியும் கிடைக்கிறது. 16 ஜிகாபைற் நினைவகம் வேண்டுமென்றால் 16 இல் ஒன்று வாங்காமல் 8 இல் இரண்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் பூட்டினால் ஒரு வாய்க்கால் மூடியே கிடக்கும். கடைக்காரர், பிறகு கூட்டிக்கொள்ளலாம் பிள்ளை என்று அன்பாகச் சொல்லி ஒற்றையாகத் தருவது வழக்கம். வீட்டுக் கணினி வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்கலாம்.

இனி, எங்களுக்கு எவ்வளவு பெரிய கணினி வேண்டும்? கட்டங்களை எண்ணிப் பார்த்தோம். கீரிமலைக் கடற்கரையிலிருந்து புத்தூர்ப் பக்கமாக 15 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தை நெடுக வெட்டிப் பார்ப்பதாக வைப்போம். 50 மீற்றருக்கு ஒரு கட்டம் என்றால் 300 நிரல்கள். ஆழத்தில் 100 படைகள். மொத்தம் 30,000 கட்டங்கள். உப்புநீர் எப்படி ஏறுகிறது என்ற முதற்கேள்விக்கு இது போதும். நீங்கள் பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துக் கதைக்கும் மடிக்கணினியே இதைச் செய்துவிடும். 10 கிலோமீற்றருக்கு 10 கிலோமீற்றர் பரப்பை 100 மீற்றர்க் கட்டங்களாக, 50 படையில் எடுத்தால் 5 இலட்சம் கட்டங்கள். அதற்கு நல்ல மேசைக்கணினி வேண்டும். அதையே எல்லாத் திசையிலும் பாதியாக நறுக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு, 40 இலட்சம். கட்டம் சிறிதானால் கால அடியையும் பாதியாக்க வேண்டும். ஆகவே வேலை 16 மடங்கு. ஒரு இரவில் முடிந்த கணக்கு இரண்டு கிழமைக்கு மேல் இழுக்கும். கணினிக்கு இரண்டு மடங்கு பணம் கொடுத்தாலும் இந்த 16 மடங்கைத் துரத்திப் பிடிக்க முடியாது. கட்டத்தை எங்கே சிறிதாக்க வேண்டும், எங்கே பெரிதாக விடலாம் என்று யோசிக்கிற மாணவி பணத்தை மிச்சம் பிடிக்கிறாள்.

மென்பொருளுக்குப் பணம் வேண்டியதில்லை. நிலத்தடி நீருக்கு அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் மொட்ஃபுளோ 1984 முதல் இருக்கிறது; இன்றைய ஆறாம் பதிப்பு 2017 இல் வந்தது. அடர்த்தி வித்தியாசத்தோடு உப்புநீரைக் கணக்கிட அதே நிறுவனத்தின் சீவாட் இருக்கிறது. குகை, குழாய், காற்று போன்றவற்றில் ஓடும் பாய்மத்துக்கு ஓப்பன்ஃபோம். எல்லாம் இலவசம். லினக்ஸும் இலவசம்.

இவற்றுள் எதைப் பாவிக்கப் போகிறோம் என்பது கணினித் தெரிவை மாற்றிவிடும். ஓப்பன்ஃபோம் ஒரே கணக்கைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதற்கு நினைவகத் தடங்கள் பல வேண்டும். பத்து இலட்சம் கட்டங்களுக்கு 1 முதல் 2 ஜிகாபைற் நினைவகம் என்பது அதற்கான பொதுவான கைக்கணக்கு. மொட்ஃபுளோவோ பெரும்பாலும் ஒரு கோரிலேயே ஓடுகிறது; ஒரே கணக்கைப் பலவற்றில் பிரித்து ஓட்டும் வசதி அண்மையில்தான் வந்தது. ஆகவே அதற்கு ஒரு கோரின் வேகம் முக்கியம். ஆனால் மாதிரியை ஒரு தரம் ஓட்டினால் வேலை முடியாது. சுண்ணாம்புக்கல் எந்த இடத்தில் எவ்வளவு நீரை விடும் என்பது முதலில் தெரியாது. கிணறுகளில் அளந்த நீர்மட்டத்தோடு பொருந்தும் வரை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு பெஸ்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு. தெரியாத எண்கள் 50 இருந்தால், வழக்கமான முறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் 51 தரம் ஓட்ட வேண்டும். இந்த 51 ஓட்டங்களும் ஒன்றையொன்று பார்த்திருப்பதில்லை. 51 வெவ்வேறு கணினிகளிலும் ஓடலாம்.

எங்கள் சிபாரிசின் கரு இதுதான். பெரிய சேவையகம் ஒன்றுக்குப் பதிலாக ஒரு நல்ல மேசைக்கணினி வாங்குவோம். அதோடு பாடசாலைக் கணினி அறையில் இரவில் நித்திரை கொள்ளும் கணினிகளைக் கம்பியால் இணைத்து இந்த ஓட்டங்களைப் பங்கிடுவோம். மேசைக்கணினிக்கு எட்டு முதல் பன்னிரண்டு கோர், இரண்டு தடத்திலும் நிரப்பிய 64 ஜிகாபைற் நினைவகம், மாதிரி ஓடுவதற்கு வேகமான ஒரு திண்மநிலை வட்டு, முடிவுகளைச் சேமிக்க மலிவான பெரிய வட்டு ஒன்று. இவ்வளவும் போதும்.

கிறபிக்ஸ் காட் பற்றிப் பலர் கேட்டீர்கள். விளையாட்டுக்கான என்விடியா காட்களில் நினைவக வேகம் அதிகந்தான். ஆர்டிஎக்ஸ் 3060 இன் 12 ஜிகாபைற் வகையில் செக்கனுக்கு 360 ஜிகாபைற். ஆனால் உப்புநீருக்கும் நன்னீருக்கும் உள்ள நுண்ணிய வித்தியாசத்தைப் பிடிக்க இரட்டைத் துல்லியக் கணக்கு வேண்டும். அந்த வரிசைக் காட்கள் இரட்டைத் துல்லியத்தில் தங்கள் வேகத்தில் 64 இல் ஒரு பங்குதான் தரும். மேலும் நாங்கள் சொன்ன நிலத்தடி நீர் மென்பொருட்கள் வழக்கமான வடிவில் காட்டைப் பாவிப்பதும் இல்லை. எனவே இப்போதைக்குப் படம் காட்டும் அளவுக்குச் சாதாரண காட் போதும்.

பழைய சேவையகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சில அக்காமார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் கணக்காளர் விலைச்சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு மின்கட்டணச் சீட்டை எடுத்தார். இரண்டு செயலிச் சேவையகம் முழு வேலையில் 350 வாற்று இழுப்பதாக வைத்தால், இரவு பகலாக ஒரு மாதம் ஓட 252 அலகுகள். 120 வாற்று மேசைக்கணினிக்கு 86 அலகுகள். வீட்டுப் பாவனையில் 180 அலகைத் தாண்டினால் மிக உயர்ந்த படிக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். சேவையகத்தின் விசிறிச் சத்தத்தில் வகுப்பும் நடத்த முடியாது. சித்திரை வெக்கையும் செம்மண் தூசியும் கடற்காற்றின் உப்பும் இங்கே வேறு. ஓப்பன்ஃபோமில் பெரிய வேலை வரும் நாளில் சேவையகம் பொருந்தலாம். அப்போதும் குளிரூட்டிய அறையுள்ள பல்கலைக்கழகத்தில் வைப்பதே நல்லது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள்.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்ற இடத்திலிருந்து மே மாதத்தில் 360 வரை போனது. இந்த இரண்டு அனுபவமும் எங்கள் பட்டியலில் இருக்கின்றன. முதலாவதுக்காக, மின்தடையைத் தாங்கும் மின்கலப் பெட்டி ஒன்று கட்டாயம். அது கணினியை மணிக்கணக்காக ஓட்டுவதற்கல்ல, ஒழுங்காக நிறுத்துவதற்கு. கூடவே, மாதிரி ஒவ்வொரு மணித்தியாலமும் தன் நிலையை வட்டில் எழுதி வைக்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாவதுக்காக, உதிரிப்பாகம் இங்கேயே கிடைக்கும் வகையாகப் பார்த்து, உத்தரவாதத்தோடு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாங்க வேண்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து, நாங்கள் வாங்கி அனுப்புகிறோம் என்று எழுதிய சகோதரிகளுக்கு நன்றியோடு இரண்டு வார்த்தை. முதலாவது, அங்கே தரும் உத்தரவாதம் விமானம் ஏறாது. கனடாப் பெட்டி என்றால் மின்வழங்கி 230 வோல்ற்றை ஏற்குமா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது, அலுவலகத்தில் கழித்த சேவையக நினைவகத்தைச் சாதாரண மேசைக்கணினி பெரும்பாலும் ஏற்காது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வகை வேறு. உங்களால் செய்யக்கூடிய வேறு உதவி உண்டு. எப்போதாவது மிகப் பெரிய ஓட்டம் ஒன்று தேவைப்பட்டால், இணையவழிக் கணினியைச் சில மணித்தியாலம் வாடகைக்கு எடுப்பது வாங்குவதை விட மலிவு. அந்த வாடகை டொலரில். அந்தச் சில மணித்தியாலத்தை நீங்கள் அங்கிருந்து எடுத்துத் தரலாம்.

இப்போது, சபையில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாத ஒரு விடயத்துக்கு வருகிறோம். நிதி முழுவதையும் கணினிக்குச் செலவிட வேண்டாம் என்பது எங்கள் ஒருமித்த கருத்து. பத்துப் பங்காகப் பிரித்தால் கணினிக்கு நான்கு. மின்கலப் பெட்டிக்கும் மேலதிக வட்டுக்கும் ஒன்று. கிணற்றை அளக்கும் கருவிகளுக்கு மூன்று. மாணவிகளின் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் இரண்டு. பெயர் பொறித்த பெரிய கணினி ஒன்று மண்டபத்தில் இருந்தால் படம் எடுக்க அழகாக இருக்கும் என்று சொல்கிறவர்களின் ஆசை எங்களுக்குப் புரிகிறது. இந்தப் பணத்தில் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்த காசும் இருக்கிறது, இரவு வேலைக்குப் போய்க் கொடுத்த காசும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறோம். அளவீடு இல்லாத மாதிரி நிறம் தீட்டிய படம் மட்டுமே. எங்கள் சுண்ணாம்புக்கல்லில் குகைவழி எங்கே என்று எந்தச் செயலிக்கும் தானாகத் தெரியாது. கயிற்றில் இறக்கும் நீர்மட்ட அளவியும், நீரின் மின்கடத்துதிறனைப் பார்த்து உப்பைச் சொல்லும் கைக்கருவியும் சேர்ந்துதான் கணினிக்குக் கண் கொடுக்கின்றன. கிணறு நல்லது என்று மாதிரி பிழையாகச் சொன்னால், அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவது எங்கள் ஊர்ப் பிள்ளைகள்.

அளப்பதற்கு எந்தக் கிணறு நல்லது? நாள்தோறும் இறைக்கிற கிணற்றில் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். உண்மை நிலை பிடிபடாது. யாரும் அள்ளாத கிணறுதான் திறம். அப்படிப்பட்ட கிணறுகள் புத்தூரிலும் ஆவரங்காலிலும் அச்சுவேலியிலும் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பூட்டிய படலைக்குப் பின்னால், தென்னையோலை விழுந்து மூடி, துலாக்கால் மட்டும் நிற்கிற கிணறுகள். அவற்றின் சாவிகள் இந்தச் சபையிலும், இந்த மலரை வாசிக்கப்போகும் உங்களில் பலரின் மேசை இலாச்சியிலும் இருக்கின்றன.

எனவே பணத்தோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்கிறோம். உங்கள் வளவுக் கிணற்றை மாதம் ஒரு முறை அளக்க மாணவிகளுக்கு அனுமதி தாருங்கள். வெட்டிய ஆண்டு, எத்தனை முழம் ஆழம், எந்தக் கோடையில் முதலில் உவர்த்தது, எந்தப் பக்கத்து ஊற்று இனித்தது என்று அம்மா, பெரியம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். எந்தக் கடையிலும் வாங்க முடியாத தரவு அது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

முதல் வேலையாக இந்த மாரிக்கு முன் முப்பது கிணறுகளைப் பதிவு செய்ய எண்ணியிருக்கிறோம். கணினி அதற்குப் பிறகு வந்தாலும் பிந்தியதாகாது. படிவங்கள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் செயலாளர் அனுப்பி வைப்பார்.